நாற்காலிக்குப் புதுத் துணி

மட்டாஞ்சேரியில் ஒரு வீடு. வாசலில் சின்ன வராந்தா. வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி. ஈசிசேர் என்று சொல்வார்கள். மலையாளத்தில் சாருகசேர. தேக்கு மரச் சட்டம். நடுவில் தொங்கும் கோடு போட்ட துணி. எல்லோரும் பார்த்த நாற்காலிதான்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு அதுதான் இடம். பல வருடம் பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கியவர். இப்போது முட்டி வலி. தரையில் உட்கார முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் உடம்பு முழுவதும் துணியில் தங்கும். எந்த இடமும் உறுத்தாது. அதனால் காலைத் தேநீரும் அங்கேதான். சாயங்காலம் தெருவைப் பார்ப்பதும் அங்கேதான்.

மே மாதம். மழை வர இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மருமகள் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் வந்து உட்கார்ந்தார். ‘டர்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“மாமா, கொஞ்சம் எழுந்திருங்க.”

“ஏம்மா? இப்பத்தானே உட்கார்ந்தேன்.”

“துணி கிழியுற சத்தம் கேட்டுதே.”

“எங்கே கிழிஞ்சிருக்கு? நல்லாத்தானே இருக்கு. பாரு.”

நடுத் துணி நல்லாத்தான் இருந்தது. கொஞ்சம் நிறம் போயிருந்தது. அவ்வளவுதான். மருமகள் நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மேல் கம்பைச் சுற்றி துணி மடங்கும் இடம். அங்கே நான்கு விரல் அகலத்துக்குக் கிழிசல். மீதித் துணி நூல் நூலாகத் தொங்கியது. பெரியவரின் தலைக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துணி ஒரே அடியாகப் பிய்ந்திருக்கும். பெரியவர் பின்பக்கமாக விழுந்திருப்பார். இடுப்பு கீழ்ச் சட்டத்தில் மோதியிருக்கும். தலை மேல் சட்டத்தில் மோதியிருக்கும். சின்ன வயதுக்காரர் விழுந்தால் சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவார். வயதானவருக்கு எலும்பு பலம் குறைவு. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன், படுக்கை, மாதக்கணக்கில் செலவு. ஒன்றரை மீட்டர் துணியை மாற்றாததால் வரும் வினை இது.

துணி எங்கே கிழியும்?

நாம் உட்காரும் இடத்தில்தான் துணி தேயும் என்று நினைக்கிறோம். அங்கும் தேயும். ஆனால் பெரும்பாலும் முதலில் கிழிவது மடிப்பு இருக்கும் இடம். காரணம் இருக்கிறது.

இந்த நாற்காலியின் மேல் சட்டத்தில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். கீழ்ச் சட்டத்திலும் அப்படியே. துணியின் இரண்டு முனையிலும் பாவாடை நாடாவுக்குத் தைப்பது போல ஒரு குழல் தைத்திருப்பார்கள். முனையைப் பிளவுக்குள் விட்டு வெளியே எடுத்து, குழலுக்குள் ஒரு கம்பைச் செருகுவார்கள். கம்பு பிளவை விடத் தடிமன். அதனால் திரும்பி உள்ளே வராது. ஆணி இல்லை, பசை இல்லை. கம்பை உருவினால் துணி கையோடு வந்துவிடும். துவைத்து மறுபடியும் மாட்டலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் உட்காருபவரின் எடை முழுவதும் கடைசியில் அந்த இரண்டு மடிப்புக்குத்தான் போகிறது. நாற்காலி ஆடும்போதெல்லாம் துணி பிளவின் ஓரத்தில் உரசுகிறது. மர ஓரம் கூர்மையாக இருந்தால் கத்தி மாதிரி அறுக்கும். மழைக்காலத்தில் அந்த மடிப்புக்குள் ஈரம் தங்கும். காற்றும் படாது, வெயிலும் படாது. பூஞ்சை பிடிக்கும். கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுதான். பூஞ்சை பருத்தி நூலையே தின்னும்.

கொச்சியில் ஒரு வருடத்தில் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கினால் வாரக்கணக்கில் எதுவும் காயாது. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே காயல். அந்தப் பக்கம் கடல். காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கின்றன. இந்த ஊரில் துணி உழைப்பது குறைவு என்றால் கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை.

வெயிலும் எதிரிதான். முற்றத்திலேயே கிடக்கும் நாற்காலியின் துணியும் தையல் நூலும் வெயிலில் இற்றுப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும். இழுத்தால் காகிதம் போலக் கிழியும்.

அதனால் பார்வையை மட்டும் நம்பக்கூடாது. வருடத்தில் இரண்டு முறை கம்பை உருவித் துணியைக் கையில் எடுங்கள். மழைக்கு முன் ஒரு முறை. மழைக்குப் பின் ஒரு முறை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசித் துளை போல ஒளி தெரிகிறதா? மடிப்பின் இரண்டு பக்கமும் பிடித்துப் பலமாக இழுங்கள். ‘நற நற’ என்று சத்தம் வருகிறதா? மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் துணிக்கு ஆயுள் முடிந்தது. ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். இற்ற துணியில் ஒட்டுப் போட்டால், ஒட்டு நிற்கும். அதன் ஓரத்தில் பழைய துணி கிழியும்.

மரம் அப்படி இல்லை. தேக்குச் சட்டம் அறுபது, எழுபது வருடம் கூட நிற்கும். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. கை நீண்ட பழைய சாய்வு நாற்காலிகளை அங்கே பார்க்கலாம். நல்ல விலை சொல்வார்கள். வீட்டில் துணி கிழிந்தது என்று நாற்காலியையே பழைய சாமான்காரருக்குப் போடுபவர்கள் ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து வரலாம்.

கித்தான், கேன்வாஸ், டக்

கடைக்குப் போனால் மூன்று பெயர் காதில் விழும். மூன்றும் தடித்த, நெருக்கமாக நெய்த துணியைத்தான் குறிக்கும். கித்தான் என்பது நம் ஊர்ப் பேச்சு. கேன்வாஸ் என்ற சொல் ஒரு வகைச் சணல் செடியின் லத்தீன் பெயரில் இருந்து வந்தது. முன்காலத்தில் கப்பல் பாய்களை அந்தச் செடியின் நாரில் நெய்தார்கள். பிறகு பருத்தியிலும் நெய்தார்கள். டக் என்பது வாத்து இல்லை. டச்சுக்காரர்கள் துணியை ‘டூக்’ என்பார்கள். அதுதான் ஆங்கிலத்தில் டக் ஆனது. அந்த டச்சுக்காரர்கள் கொச்சியை 1663 முதல் 1795 வரை ஆண்டவர்கள்.

அவர்களுக்கு முன் இங்கே இருந்தவர்கள் போர்த்துக்கீசியர். இலங்கைத் தமிழர்கள் நாற்காலியைக் கதிரை என்று சொல்வார்கள். அது போர்த்துக்கீசியச் சொல்லில் இருந்து வந்தது. நாம் சொல்லும் மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாமே அப்படி வந்தவைதான். வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்தன. பெயர்களும் கூடவே வந்தன. துணி நாற்காலிக்கும் கப்பலோடு உறவு உண்டு. நீண்ட பயணம் போனவர்கள் கப்பலின் மேல் தளத்தில் இப்படி மடக்கு நாற்காலியில்தான் சாய்ந்து கிடந்தார்கள்.

இன்று இந்தத் துணிக்கு வெளிநாடு போக வேண்டாம். கேரளத்தில் கண்ணூரும் தமிழ்நாட்டில் கரூரும் வீட்டு உபயோகத் துணிக்குப் பேர் போனவை. தலையணை உறை, திரைச்சீலை, மேசை விரிப்பு எல்லாம் அங்கே நெய்து வெளிநாடுகளுக்கும் போகின்றன. கைத்தறிக் கடைகளில் ‘ஈசிசேர் துணி’ என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். சில கடைகளில் குழல் தைத்தே விற்பார்கள். ஆனால் எல்லா நாற்காலியும் ஒரே அளவு இல்லை. அளவு தெரியாமல் வாங்கினால் வீண்.

அளவு எடுப்பது

அந்த வீட்டில் மருமகளிடம் காலால் மிதிக்கும் தையல் மிஷின் இருந்தது. ஜாக்கெட் தைத்துப் பழக்கம். பழைய துணியைக் கழற்றித் தரையில் விரித்தார். மாமியார் டேப்போடு உட்கார்ந்தார்.

“இதை அப்படியே அளந்து வெட்டிடலாமா?” என்று மாமியார் கேட்டார்.

“வேண்டாம் அத்தே. இது இழுபட்டு நீண்டு கிடக்கு. இதை அளந்தா புதுசும் தரையைத் தொடும்.”

மருமகள் சொன்னது சரி. பலர் தவறு செய்வது இங்கேதான். பல வருடம் எடை தாங்கிய துணி நீண்டிருக்கும். அதன் அளவில் புதுத் துணி வெட்டினால், உட்கார்ந்த சில நாளில் இடுப்பு கீழ்ச் சட்டத்தில் இடிக்கும். அளவை மரத்தில் எடுக்க வேண்டும். துணியில் எடுக்கக்கூடாது.

அதற்குச் சணல் கயிறு போதும். நாற்காலியை வழக்கமாக வைக்கும் சாய்வில் நிறுத்த வேண்டும். மேல் கம்பைப் பிளவுக்குப் பின்னால் அதன் இடத்தில் வைத்துக் கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றைப் பிளவு வழியாக விட்டு, துணி தொங்குவது போலத் தொங்கவிட்டு, கீழ்ப் பிளவு வழியாக எடுத்துக் கீழ்க் கம்பில் கட்ட வேண்டும். கயிறு எவ்வளவு தொங்க வேண்டும்? இடுப்பு வரும் இடத்தில் கையால் அழுத்திப் பாருங்கள். கீழே எந்தச் சட்டமும் ஒரு சாணுக்குள் இருக்கக்கூடாது. புதுத் துணி முதல் வாரத்தில் கொஞ்சம் நீளும். அதற்கும் சேர்த்துத்தான் ஒரு சாண்.

இன்னும் இழுத்துக் கட்டினால் நல்லது, துணி தொங்காது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. துணி காயப் போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். கயிறு கொஞ்சம் தொய்வாக இருந்தால் ஈரச் சேலையைத் தாங்கும். வீணைக் கம்பி போல விறைப்பாகக் கட்டி அதே சேலையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். எடை ஒன்றுதான். ஆனால் விறைப்பான கயிற்றில் இழுவிசை பல மடங்கு ஏறும். நாற்காலித் துணிக்கும் இதே கணக்கு. குழந்தையைப் போடும் தூளி எவ்வளவு தொய்வாகத் தொங்குகிறது! பழைய சேலைதான். ஆனால் தாங்குகிறது.

கயிற்றை அவிழ்த்து மாமியார் டேப்பால் அளந்தார்.

“நாப்பத்தொன்பது” என்றார்.

மருமகள் எட்டிப் பார்த்தார். “நூத்தி இருபத்தஞ்சுல்ல அத்தே?”

இருவரும் சொன்னது சரிதான்! டேப்பின் ஒரு பக்கம் அங்குலம். மறு பக்கம் சென்டிமீட்டர். 49 அங்குலமும் ஏறக்குறைய 125 சென்டிமீட்டரும் ஒன்றே. எண்ணை மட்டும் சீட்டில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனால் வம்பு. 49 என்று எழுதினால், கடைக்காரர் சென்டிமீட்டர் என்று நினைத்து அரை மீட்டர் வெட்டிவிடலாம். வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘செ.மீ.’ அல்லது ‘அங்குலம்’ என்று எழுதியே ஆக வேண்டும். மாமியார் சீட்டில் ‘125 செ.மீ.’ என்று தானே எழுதினார்.

இப்போது குழலுக்குக் கணக்கு. கம்பின் குறுக்களவு 2 செ.மீ. அதைச் சுற்றி வர 6 செ.மீ.க்கு மேல் துணி வேண்டும். குழல் இறுக்கமாக இருந்தால் கம்பு நுழையாது. அதனால் 4 செ.மீ. அகலத்தில் குழல் மடித்தார்கள். ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்க இன்னும் ஒன்றரை செ.மீ. ஆக ஒரு முனைக்கு 5½. இரண்டு முனைக்கு 11. மொத்தம் 136 செ.மீ.

அப்படியானால் 136 வாங்கினால் போதுமா? போதாது. புதுப் பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நாற்காலியில் மாட்டவே முடியாது. ஒன்றரை மீட்டர் வாங்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகு வெட்ட வேண்டும். இந்த வேலையை மழைக்கு முன்னால் செய்வது நல்லது.

அகலம் பிளவின் நீளத்தைப் பொறுத்தது. பிளவு 46 செ.மீ. என்றால், தைத்து முடித்த துணி 44 இருக்கலாம். பக்கத்துக்கு ஒரு செ.மீ. இடம் விட்டால் ஓரம் உரசாது.

இன்னொரு விஷயம். துணியை நீள வாக்கில்தான் வெட்ட வேண்டும். தறியில் நீளமாக ஓடுவது பாவு நூல். குறுக்கே போவது ஊடை நூல். பாவு நூலுக்கு முறுக்கு அதிகம். பொதுவாகப் பலமும் அதிகம். அந்த நூல் தலையில் இருந்து கால் பக்கம் ஓட வேண்டும். துணியின் கரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் பாவு. மிச்சம் பிடிக்கலாம் என்று குறுக்காக வெட்டினால் துணி சீக்கிரம் தொய்ந்துவிடும்.

தையல்

ஜாக்கெட் தைக்கும் ஊசியும் நூலும் இதற்கு ஆகாது. தடித்த துணிக்கு 18ஆம் எண் ஊசி போட வேண்டும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். நைலான் நூல் பலமானதுதான். ஆனால் வெயிலில் பாலியஸ்டரை விடச் சீக்கிரம் கெடும்.

தையலை நெருக்கமாகப் போட்டால் பலம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். தபால் தலைகளை எப்படிக் கிழிக்கிறோம்? நெருக்கமாகத் துளை இருப்பதால் வரிசையாகக் கிழிகிறது. துணியிலும் ஊசித் துளை நெருக்கமாக இருந்தால் அதே வரிசையில் பிரியும். ஒரு அங்குலத்துக்கு 7 அல்லது 8 தையல் போதும். அதற்குப் பதிலாகக் குழலுக்கு ஒரு வரிசைக்கு மூன்று வரிசை போடுங்கள். வரிசைக்கு நடுவில் அரை செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் மிஷினை முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போல இறுக்க வேண்டும். தையல் பிரிவது எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும்.

பக்க ஓரத்தில் துணியின் சொந்தக் கரை இருந்தால் மடிக்க வேண்டாம். வெட்டிய ஓரமாக இருந்தால் இரண்டு மடிப்பு மடித்துத் தைக்க வேண்டும். அதற்குப் பக்கத்துக்கு இரண்டரை செ.மீ. முதலிலேயே கூட்டி வெட்ட வேண்டும்.

மருமகள் முதலில் ஒரு முனையை மட்டும் முழுதாகத் தைத்தார். மறு முனையைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பார்த்தார். யாரும் உட்காரவில்லை. கையால் அழுத்தித் தொய்வு சரிதானா என்று பார்த்தார். ஒரு விரல் அகலம் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்துவிட்டுத்தான் மிஷினில் ஓட்டினார். இது நல்ல பழக்கம். தடித்த துணியில் மிஷின் தையலைப் பிரிப்பது பெரிய பாடு.

மாட்டுவதற்கு முன்

புதுத் துணி வந்த சந்தோஷத்தில் உடனே மாட்டிவிடக்கூடாது. பழைய துணியை அறுத்த மர ஓரம் அங்கேயே இருக்கிறது. பிளவுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓரத்தை உருட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. துணியின் ஆயுளைக் கூட்டும் வேலைகளில் இதுதான் மலிவானது.

கம்பையும் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட கம்பு வேண்டாம். பிளவின் நீளத்தை விடக் கம்பு இரண்டு பக்கமும் நீண்டிருக்க வேண்டும். மெலிந்த கம்பாக இருந்தால் எடை ஏறும்போது பிளவு வழியாக நழுவி வந்துவிடும். துணி கிழியாமலேயே ஆள் விழுவார். கம்பு தொலைந்துவிட்டது என்று இரும்புக் கம்பி செருகுபவர்கள் உண்டு. கொச்சிக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். துரு பட்ட இடத்தில் பருத்தி இற்றுப்போகும். மூங்கிலோ கட்டி மரமோ போதும்.

நாற்காலி மடக்கு வகையாக இருந்தால் பின் சட்டம் உட்காரும் பள்ளங்களையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் சட்டம் நழுவி நாற்காலி மடங்கிக்கொள்ளும். அந்தச் சந்தில் விரல் சிக்கினால் எலும்பு நொறுங்கும். குழந்தைகள் இந்த நாற்காலியை மடக்கி விரித்து விளையாடுவார்கள். விடக்கூடாது.

மாட்டியாயிற்று. யார் முதலில் உட்காருவது? யாரும் இல்லை. அந்த வீட்டில் அரிசி மூட்டையை வைத்தார்கள். மூட்டை தூக்கிப் பழகிய பெரியவருக்கு அதில் ஒரு யோசனை இருந்தது.

“மூட்டையை மெல்ல வைக்காதே. கொஞ்சம் பொத்துன்னு வை. நான் மெல்லவா உட்காருறேன்?”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 50 கிலோ எடையைத் துணியில் மெல்ல வைத்தால் துணி 50 கிலோவைத்தான் தாங்க வேண்டும். அதையே சட்டென்று விட்டால் அந்த நொடியில் 100 கிலோவைத் தாங்குவது போல இழுபடும். உயரத்தில் இருந்து விழுந்தால் இன்னும் அதிகம். ஆகையால் உட்காரும் ஆளின் எடையைப் போல இரண்டு மடங்காவது துணி தாங்க வேண்டும். மூட்டை ஒரு ராத்திரி முழுவதும் நாற்காலியில் இருந்தது. காலையில் மடிப்புகளையும் தையலையும் பார்த்தார்கள். ஒரு நூல் கூட நகரவில்லை. பெரியவர் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். இரண்டு கையையும் நாற்காலிக் கையில் ஊன்றி மெதுவாகத்தான் உட்கார்ந்தார்.

துவைப்பது

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபி கானா இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே துணி வெளுக்கிறார்கள். அங்கே துணி காயப் போடுவதைப் பார்க்க வேண்டும். கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்குக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். எவ்வளவு காற்று அடித்தாலும் பறக்காது. கிளிப் துரு துணியில் ஏறுவதும் இல்லை.

நாற்காலித் துணியையும் அப்படி முழுதாக விரித்துக் காயப் போட வேண்டும். குழலின் உள்பக்கம் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சைக்கு விருந்துதான். கஞ்சி போடக்கூடாது. வேட்டிக்குக் கஞ்சி அழகு. நாற்காலித் துணியில் கஞ்சி போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சைக்கு அதுவே சோறு. கறுப்புப் புள்ளி போக பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். புள்ளி போகும், நூலின் பலமும் போகும். சோப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு வெயிலில் காயவைத்தால் போதும். கொஞ்சம் கறை நின்றால் நிற்கட்டும்.

தலை படும் இடத்தில் எண்ணெய் ஏறும். அந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு வைத்தால் துண்டை மட்டும் துவைத்தால் போதும். மழைக்காலத்தில் நாற்காலியை முற்றத்தில் விடாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். பல நாள் உட்காரவில்லை என்றால் துணியைக் கழற்றி மடித்து வைக்கலாம்.

உலோக நாற்காலி

இந்தப் பக்கம் ஹோம்ஸ்டேக்களிலும் விடுதிகளிலும் வேறு வகை நாற்காலி போட்டிருப்பார்கள். அலுமினியக் குழாய்ச் சட்டம். வலை போன்ற துணி. அந்தத் துணி பாலியஸ்டர் நூலுக்கு மேல் பிளாஸ்டிக் பூசி நெய்தது. மழைத் தண்ணீர் வழிந்துவிடும். பூஞ்சை உள்ளே இறங்காது. ஆனால் பல வருட வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து நூல் வெளியே வரும். அப்போது மாற்ற வேண்டியதுதான்.

இதில் துணியின் பிடி தலையிலும் காலிலும் இல்லை. இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. பக்கச் சட்டத்தில் நீளமாக ஒரு காடி ஓடும். துணி ஓரத்தின் மடிப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் கம்பி இருக்கும். அந்தத் தடித்த ஓரம் காடிக்குள் மாட்டிக்கொண்டு இருக்கும். இரண்டு பக்கச் சட்டத்தையும் குறுக்குக் குழாய்கள் போல்ட்டு போட்டு விரித்துப் பிடித்திருக்கும். அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் சட்டங்கள் நெருங்கி வரும். துணி தொய்யும். பழைய துணியை நடுவில் நீளமாக வெட்டிவிட்டு, இரண்டு பாதியையும் காடி வழியாக உருவலாம். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. இறுக்கமாக இருக்கும் துணியை வெட்டினால் தெறிக்கும்.

காடியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மணலை எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் புதுத் துணி வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் தடவினால் துணியில் கறை ஏறும். இரண்டு ஓரத்தையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஒருவர் மேலே தள்ள, ஒருவர் கீழே இழுக்க வேண்டும். ஒற்றை ஆள் வேலை இல்லை. பிறகு சட்டத்தை விரித்துப் போல்ட்டை முடுக்க வேண்டும். பழைய போல்ட்டு துருப்பிடித்திருந்தால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு வாங்கி, நடுவில் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். உப்புக் காற்றில் அலுமினியமும் எஃகும் நேராக ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

அளவு எடுத்து, ஓர மடிப்பை மூன்று வரிசை தைத்துக் கொடுக்கத் தையல் தெரிந்தவரால் முடியும். ஒரு விடுதியில் இருபது நாற்காலி இருந்தால் இருபது துணி. மழை முடிந்து சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன் இந்த வேலை இருக்கும். ஜாக்கெட் தையலோடு இதையும் கேட்டு வாங்கலாம். கூலி பேசும்போது துணி யாருடையது, ஊசி, நூல் யாருடையது என்பதையும் பேசிச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரி வீட்டில் பழைய துணி மிச்சம் இருந்தது. மருமகள் இரண்டு முனைகளையும் வெட்டிக் குப்பையில் போட்டார். நடுப் பகுதியை இழுத்துப் பார்த்தார். பலமாகத்தான் இருந்தது. அதில் ரேஷன் கடைக்கு ஒரு பை தைத்தார்.